வெளியேறாத வண்டி

செத்தவனை அனுப்பிவைக்க அந்த நாட்டுக்காரர்கள் ரொம்ப யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சான்றிதழ், போலீஸில் ஒன்று, தூதரகத்தில் ஒரு கையெழுத்து. அத்தோடு அண்ணன் விமானத்தின் வயிற்றில் ஏறி வீடு வந்து சேர்ந்தான். கடைசிக் காரியங்கள் முடிந்து, துக்கம் கேட்க வருகிறவர்களின் கூட்டமும் ஓய்ந்த பிறகுதான் சுங்க இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. மோட்டார்சைக்கிள் இன்னும் அங்கேயே கிடக்கிறதாம். அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அதிகாரிகளின் கண்ணெதிரே அழிக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் வாரிசு நேரில் வர வேண்டும்.

"மனுஷனை விட்டுட்டாங்க. இரும்பை விட மாட்டேங்கறாங்க" என்றாள் அண்ணி.

நாடு நாடாகச் சுற்றப்போகும் வண்டிக்கு மனிதனுக்கு இருப்பது போலவே ஒரு பாஸ்போர்ட் உண்டு. கார்னெட் என்பார்கள். ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் ஒரு முத்திரை, வெளியேறினால் இன்னொரு முத்திரை. உள்ளே கொண்டுபோன வண்டியை வரி கட்டாமல் அங்கேயே விற்றுவிட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக இத்தனை கெடுபிடி. வெளியேறும் முத்திரை விழாதவரை ஜாமீன் போட்டவருக்கு விடுதலை இல்லை. அண்ணனுக்கு ஜாமீன் போட்டது அண்ணி.

"நீயும் வா தம்பி" என்றாள் அவள். "வண்டியைப் பத்தி உனக்குத்தான் தெரியும்."

அவள் கேட்காமல் இருந்திருந்தாலும் சின்னவன் போயிருப்பான். மீசை நரைக்கத் தொடங்கி, சொந்தப் பட்டறை வைத்து, கீழே ஆட்களை வைத்து வேலை வாங்குகிற காலத்திலும் ஊருக்கு அவன் சின்னவன்தான். அண்ணன் என்று ஒருத்தன் இருந்ததால் வந்த பெயர். இப்போது யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் உடனே திரும்புவதில்லை.

அவனுக்கு அந்த வண்டியின் முன் பிரேக்கைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வேறு எதற்காகவும் அவன் கிளம்பவில்லை.

கார்னெட் கொடுப்பதற்கு முன் வண்டியை ஒரு மெக்கானிக் முழுசாகப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அதைக் கொடுக்கிற வாகனச் சங்கத்தின் விதி. எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், விளக்கு, டயர், செயின், பிரேக். கூடப்பிறந்தவன் பட்டறை வைத்திருக்கும்போது அண்ணன் வேறு யாரிடம் போவான்? புறப்படுவதற்கு முந்தின நாள் சின்னவன் முன் சக்கரத்தைக் கழற்றிப் புது பிரேக் பேட் போட்டான். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் கிடுக்கிக்கு கேலிப்பர் என்று பெயர். இரண்டே இரண்டு போல்ட்டில் நிற்பது. மேல் போல்ட்டை இறுக்கியது அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது போன் அடித்தது. யாரோ வாடிக்கையாளர், கார் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். பேசிவிட்டு வந்து கீழ் போல்ட்டையும் இறுக்கினோமா?

இறுக்கியிருப்பான். இறுக்காமல் அவன் எழுந்ததே இல்லை. இறுக்கி முடித்த போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது அவன் வழக்கம். அன்றைக்கு இரண்டு கோடு இழுத்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எத்தனையோ வண்டிகளுக்கு எத்தனையோ கோடுகள் இழுத்த கை. எந்தக் கோடு எந்த வண்டியில் என்று கை சொல்லுமா? செய்தி வந்த நாளிலிருந்து அவன் மனசு அந்த ஒரு நிமிஷத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போதும் வலது கை தன்பாட்டுக்கு ஒரு ஸ்பானரைத் திருப்பிப் பார்த்தது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

சாவதற்கு முந்தின நாள் அண்ணன் போன் செய்தான். "டேய், முன் பிரேக் பிடிச்சா டக்குனு ஒரு சத்தம் வருதுடா. என்னவா இருக்கும்?" சின்னவன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். முகத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. "பேடு பழகற வரைக்கும் அப்படித்தாண்ணே இருக்கும். ஓட்டு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.

துறைமுகத்தை ஒட்டியிருந்தது சுங்கக் கிடங்கு. அவர்களுக்காக ஒரு தரகர் காத்திருந்தார். அந்த ஊர்க்காரர்தான்; பல வருஷம் கப்பல்களில் வேலை பார்த்தபோது நம் பாஷையைக் கற்றுக்கொண்டவர். அந்த வட்டாரத்தில் அவருக்கு அவசரம் என்று பட்டப்பெயர். எதற்குமே அவசரப்படாத ஆள் என்பதால் வைத்தது.

"உக்காருங்கம்மா" என்று அண்ணிக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இந்த ஆபீஸ்ல காத்திருந்து காத்திருந்தே எனக்கு வயசாச்சு. ஆனா உங்க வேலை சட்டுனு முடிஞ்சிரும். வண்டியை அழிக்கறதுன்னா கேள்வி குறைச்சல்."

"அழிக்கத்தான் போறோம்" என்றாள் அண்ணி.

சின்னவன் திரும்பிப் பார்த்தான். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஊருக்குக் கொண்டுபோய்விடலாம், பட்டறையின் பின்பக்கம் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி வைக்கலாம் என்று அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

"அண்ணி, அவனோட வண்டி..."

"என் வீட்டு வாசல்ல அது நிக்க வேண்டாம் தம்பி."

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். நடுங்குகிறவர்களின் கையைப் பிடித்து ஊசி குத்தி எடுத்து, பஞ்சை வைத்து மடக்கி அனுப்புகிறவள். குரல் உயராது, தாழாது. அந்தக் குரலில்தான் இதையும் சொன்னாள்.

அதிகாரி ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, கார்னெட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அண்ணன் கடந்துபோன நாடுகள் எல்லாம் அதில் ஊதாவும் சிவப்புமாக இருந்தன. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. கடைசிப் பக்கத்தில் உள்ளே மட்டும்தான் இருந்தது.

கிடங்கின் கடைசி மூலையில் தார்ப்பாயை விலக்கினார்கள். அண்ணி வாசலோடு நின்றுகொண்டாள். சின்னவன் போய்ப் பார்த்தான். பெட்ரோல் டாங்க் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. ஹேண்டில்பாரில் அண்ணனின் கையுறை ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம், சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் முறிந்த இடத்தோடு வண்டி முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சக்கரம் இல்லை. டிஸ்க் இல்லை. கேலிப்பர் இல்லை.

"முன்பக்கம் எங்க?" என்றான்.

அதிகாரியும் அதையேதான் கேட்டாள். தரகர் மொழிபெயர்த்தார். "முழு வண்டி உள்ள வந்திருக்கு, முழு வண்டிதான் அழியணும்னு சொல்றாங்க. பாதியை அழிச்சிட்டு மீதியை உதிரியா வித்தா அதுவும் கடத்தல்தானாம். முன் சக்கரம் வராம கையெழுத்துப் போட மாட்டாங்களாம்."

"செத்துப்போனவரோட வண்டிங்க அது" என்றான் சின்னவன்.

தரகர் அதை மொழிபெயர்க்கவில்லை. "அது அவங்களுக்கும் தெரியும் சார்" என்றார் மெதுவாக. "வண்டியை மலையிலேருந்து இழுத்துட்டு வந்தவன்கிட்ட இருக்கும். போய்க் கேக்கலாம்."

மலைப்பாதையில் வாடகைக் கார் வளைந்து வளைந்து ஏறியது. ஒரு திருப்பத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தடுப்புச் சுவரில் ஒரு இடம் மட்டும் புதுச் சிமென்ட்டால் பூசப்பட்டிருந்தது.

"நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள் அண்ணி. ஆனால் கார் அதைத் தாண்டும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இழுவை வண்டிக்காரரின் கொட்டகை பாதை தட்டையாகிற இடத்தில் இருந்தது. ஆள் மலை மாதிரி. இவர்கள் யார் என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. நேராகக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். துருப்பிடித்த கதவுகளுக்கும் பம்பர்களுக்கும் நடுவில் அந்தச் சக்கரம் சாய்ந்து கிடந்தது. ஃபோர்க்கின் கீழ்த்துண்டுகள் இரண்டும் அதோடு இருந்தன.

"தனியா கிடந்துச்சாம்" என்று தரகர் சொன்னார். "இது ஆரக்கம்பிக்குள்ள போய் மாட்டி, சக்கரத்தையே பூட்டிருச்சாம். இவர்தான் கம்பியை வெட்டி எடுத்தாராம்." இழுவை வண்டிக்காரர் விரலால் காட்டியது கேலிப்பரை.

சின்னவன் மண்டியிட்டான். மண்ணைச் சட்டை நுனியால் துடைத்தான். கீழ் போல்ட் இல்லை. வெறும் துளை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். மரை தேயவில்லை, முறியவில்லை. போல்ட் உடைந்து போகவில்லை. தானாகக் கழன்று விழுந்திருக்கிறது.

துளையிலிருந்து விரலை எடுத்தான். பிறகு மேல் போல்ட்டின் மேலிருந்த சேற்றைச் சுரண்டினான். மஞ்சள் கோடு இருக்கும் என்று பார்த்தான். இல்லை. இன்னும் சுரண்டினான். போல்ட்டின் தலை வெளியே வந்தது. ஸ்பானர் மாட்டுகிற சாதாரண அறுகோணத் தலை.

அவன் போட்டது அதுவல்ல. அவன் போட்டது தலைக்குள் குழி இருக்கிற ஆலன் போல்ட்.

சக்கரத்தைப் புரட்டினான். டயர் புதுசு. அவன் மாட்டி அனுப்பியது இந்தக் கம்பெனியே இல்லை. எங்கேயோ வழியில் அண்ணன் டயர் மாற்றியிருக்கிறான். டயரைக் கழற்ற எவனோ ஒருவன் கேலிப்பரைக் கழற்றியிருக்கிறான். இருந்த போல்ட்டைத் தொலைத்துவிட்டுக் கையில் கிடைத்ததைப் போட்டு, அரைகுறையாக இறுக்கி, போய் வா என்று அனுப்பியிருக்கிறான்.

"அண்ணி!" என்று கத்தினான் சின்னவன். எழுந்தபோது முட்டியில் சேறு, கண்ணில் தண்ணீர். "அண்ணி, இது என் போல்ட் இல்ல! இங்க பாருங்க. நான் போட்டது வேற. டயர் மாத்தினவன் பண்ணின வேலை இது. எவனோ ஒருத்தன், வழியில. நான் இல்ல அண்ணி!"

அவன் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது. எத்தனையோ நாளாக மார்பில் உட்கார்ந்திருந்த பாறை எழுந்துபோன மாதிரி இருந்தது. அண்ணன் செத்த சக்கரத்தின் பக்கத்தில் நின்று சிரிக்கிறோம் என்பதுகூட அந்த நிமிஷத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

அண்ணி சிரிக்கவில்லை. சக்கரத்தைப் பார்க்கவும் இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் வருதுன்னு உன்கிட்ட சொன்னாராமே" என்றாள்.

இழுவை வண்டிக்காரர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு விலகிப் போனார். பாஷை தெரியாவிட்டாலும் சில பேச்சு நடக்கும்போது அங்கே நிற்கக் கூடாது என்று மனிதர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

"ஆமா அண்ணி."

"நீ என்ன சொன்ன?"

"பேடு பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், ஓட்டு, சரியாயிடும்னு சொன்னேன்."

"அதைத்தான் அவரும் என்கிட்ட சொன்னார். அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணினார். எனக்குப் பயமா இருந்துச்சு. ஒரு நாள் அங்கேயே தங்கி, கடை எங்காவது இருந்தா காட்டிட்டுப் போங்களேன்னு சொன்னேன். ‘சின்னவனே சொல்லிட்டான், அதுக்கு மேல எந்தக் கடைக்காரன் சொல்லணும்’னு சிரிச்சார்."

இத்தனை நாடு ஓடின பேடு இன்னுமா பழகாமல் இருக்கும்? டயர் மாற்றினாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பட்டறைக்கு வருகிற முன்பின் தெரியாத ஆள் சத்தம் என்று சொன்னால்கூட முதலில் அதைத்தானே கேட்பான்! சக்கரத்தைக் கழற்றினீர்களா, யாராவது கை வைத்தார்களா? கூடப்பிறந்தவனிடம் கேட்கவில்லை. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, போனை எப்போது வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்லேருந்தே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் அண்ணி ஒண்ணும் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." அவள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "வீட்டுல சொல்லல. பிளேன்ல பக்கத்துல உக்காந்து வந்த, சொல்லல. போல்ட் உன்னோடது இல்லன்னு தெரிஞ்சதும் ஊருக்கே கேக்கற மாதிரி கத்தற. சந்தோஷமா இருக்கா தம்பி?"

அவன் கும்பிடுகிற மாதிரி கையைக் கொண்டுபோனான். கை முழுக்க கிரீஸ். பாதியிலேயே இறக்கிவிட்டான்.

"என்னை மன்னிச்சிருங்கன்னு..."

"வேண்டாம்" என்றாள் அண்ணி. "அந்த வார்த்தையைச் சொல்லாத. நீ சொல்லிட்டு இறக்கி வெச்சிருவ. நான் எங்க போய் இறக்கறது? சக்கரத்தைக் கார்ல ஏத்து, போலாம்."

ஏற்றினான். டிரைவர் டிக்கியைத் திறந்து, பழைய சாக்கு ஒன்றை விரித்துக் கொடுத்தார். இறங்குகிற வழியில் அண்ணி முன் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் தரகரும் சின்னவனும்.

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் கிடங்குக்குப் பின்னால் இருந்த உலோகக் கழிவு முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அதிகாரி நம்பர்களைச் சரிபார்த்தாள். எஞ்சின் நம்பர் தெளிவாக இருந்தது. சேஸிஸ் நம்பர் நசுங்கின இடத்தில் இருந்ததால் படிக்க முடியவில்லை. அவள் சின்னவனிடம் ஒரு சாக்பீஸை நீட்டினாள். பள்ளத்தில் சுண்ணாம்பை ஏற்றினால் எழுத்து தெரியும். அவன் தேய்த்தான். வெள்ளை வெள்ளையாக நம்பர் எழுந்து வந்தது. அதிகாரி புத்தகத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். தரகர் மொழிபெயர்த்தார். சின்னவன் விரல் வைத்து ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றான். பரிசோதனைத் தாளில் அவனே தன் கையால் எழுதின நம்பர்தான் அது.

அதிகாரி ஏதோ கேட்டாள். "இந்த வண்டிதான்னு உறுதியா சொல்றீங்களான்னு கேக்கறாங்க" என்றார் தரகர்.

"இந்த வண்டிதான்" என்றாள் அண்ணி. கையெழுத்துப் போட்டாள்.

கையுறையை எடுத்துக்கொள்ளலாமா என்று சின்னவன் கேட்கச் சொன்னான். அதிகாரி யோசித்துவிட்டுத் தலையசைத்தாள். வண்டியின் பாகமல்ல என்பதால் ஆட்சேபம் இல்லையாம். அவன் ஹேண்டில்பாரிலிருந்து அதை உரித்து எடுத்து அண்ணியிடம் நீட்டினான். அவள் வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் விரல் படாமல் வாங்கினாள்.

கிரேன் வண்டியைத் தூக்கி இயந்திரத்தின் தொட்டிக்குள் போட்டது. சக்கரத்தை அதன் மேல் எறிந்தார்கள். இரும்புத் தட்டு இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. யாரோ ஒரு கனத்த பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு நீளமான உறுமல், அவ்வளவுதான். தட்டு மேலே போனபோது எது எஞ்சின், எது டாங்க் என்று தெரியவில்லை. சின்னவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். அண்ணி மூடவில்லை.

அதிகாரி கார்னெட்டின் கடைசிப் பக்கத்தில் முத்திரையைக் குத்தி, ஊதி உலர்த்தி, அண்ணியின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

விமானத்தில் அண்ணி வேறு வரிசையில் ஒரு ஜன்னலோர ஸீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சின்னவனின் பக்கத்து ஸீட் காலியாகவே வந்தது.

வீட்டு வாசலில் டாக்ஸி நின்றபோது அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். பெரிய பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு அவளுக்குக் கால் சரியாக ஊன்றவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன இடத்தில் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"வண்டியில என்னடா கோளாறு?" என்றாள். "பாத்தியா? அது என்னன்னு தெரியாம என் உசுரு போகாதுடா."

சின்னவன் பெட்டியைக் கீழே வைத்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். வழியெல்லாம் வார்த்தையைத் தேடிக்கொண்டுதான் வந்தான். "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தான்.

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு அத்தே" என்றாள் அண்ணி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "தம்பி நல்லா பாத்துத்தான் அனுப்பியிருக்கு. மலையில ரோடு சரியில்ல. மண்ணு சரிஞ்சு கெடந்திருக்கு. யார் ஓட்டியிருந்தாலும் இதான்."

அம்மா அவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ரோட்டின் மேல் அழுவது பிள்ளையின் மேல் அழுவதைவிடக் கொஞ்சம் சுலபம் போலிருக்கிறது. அண்ணி அவளைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். போகும்போது சின்னவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பொய் தனக்காகச் சொன்னதல்ல என்று அவனுக்குத் தெரியும். அம்மாவுக்காகச் சொன்னது. அம்மா இருக்கிற வரைக்கும் இனி அவனும் அதையே சொல்ல வேண்டும்.

பட்டறை நடக்கிறது. வண்டிகள் வருகின்றன, போகின்றன. வெளிநாட்டுப் பயணம் போகிறவர்கள் பரிசோதனைக் கையெழுத்துக்கு வந்தால் அவன் போடுவதில்லை, வேறு ஆளைக் கைகாட்டிவிடுகிறான். சத்தம் என்று யாராவது போனில் சொன்னால், வண்டியை அப்படியே நிறுத்துங்க, நகர்த்தாதீங்க, நானே வர்றேன் என்கிறான். சிலர் சிரிக்கிறார்கள். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்துவிட்டது.

அண்ணி பண்டிகை நாட்களில் அவனுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறாள். தட்டை வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுடைய ஸ்கூட்டருக்கு மட்டும் சர்வீஸ் பார்ப்பது அடுத்த தெருப் பட்டறைக்காரர்.